மாரியாயி கழுத்திலிருந்த ஜப்பானியப் பூ

என் பழைய அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெயர் நிவேதிதா. போன மாதம் மயூர் விஹாருக்கு என்னைப் பார்க்க வந்தாள். நான் காபி கலந்து கொண்டுவருவதற்குள் என் அலமாரியிலிருந்த ஒரு ஜப்பானியப் புத்தகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்து, அதன் தலைப்பை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தாள். படித்தது அவள் அல்ல, கைபேசி.

"மேம், இப்பல்லாம் பாதி வேலையை இதுவே பண்ணிடுது. புதுசா வந்திருக்கிற பசங்களுக்கு உங்க காலத்துல எப்படிப் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்களேன், ஒரு நாலு பக்கம், ஜல்தி இல்ல" என்றாள்.

எழுதுகிறேன், ஆனால் தமிழில்தான் எழுதுவேன் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. தில்லியில் பிறந்த பெண், தமிழ் பேசுவாள், படிக்க வராது. யாரையாவது படித்துக் காட்டச் சொல் என்று சொல்லி அனுப்பினேன். பிடிவாதம் என்று நினைத்திருப்பாள். நான் சொல்ல வேண்டிய விஷயம் தமிழில் நடந்தது, அதனால் எனக்கு வேறு வழி இல்லை.

நான் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஆனதில் பெருமைப்பட எதுவும் கிடையாது. அப்பா குமாஸ்தா, கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குடியிருப்பு. கல்லூரி முடிந்ததும் மாலை நேர வகுப்பில் ஜெர்மன் சேரப் போனேன். இடம் இல்லை. பக்கத்து ஜன்னலில் ஜப்பானிய மொழிக்கு ஆளே நிற்கவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் ராத்திரி சமையல் என் தலையில் விழும் என்பதால் அங்கே பெயரைக் கொடுத்தேன். மூன்று வருடம் படித்தேன், ஒரு தேர்வு எழுதினேன், அரசாங்க மொழிபெயர்ப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள். எழுத்துக்களை எழுதி எழுதிக் நடு விரல் காய்த்துப் போனதுதான் மிச்சம்.

பிரிவுத் தலைவர் மாத்தூர் சாப். ஒல்லியான மனிதர், பங்குனி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்ட வேண்டுமென்றால் நாம் எழுதியதை நமக்கே மெதுவாகப் படித்துக் காட்டுவார், அவ்வளவுதான். அதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும்.

எங்களுக்கு வருவதில் பெரும்பாலானவை இயந்திரக் கையேடுகள். எப்போதாவது ஒரு பொருள் வரும், கத்தி, கொடி, பதக்கம் இப்படி. அதற்கென்று சாப் ஒரு முறை வைத்திருந்தார். வெள்ளைத் தாளின் மேல் பொருளை வைக்க வேண்டும். எடை, அளவு, உலோகம், பின்பக்கம் ஊசியா திருகா, எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். பிறகு பென்சிலால் வரைய வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத வேண்டும். முழுவதையும் எழுதி முடிக்கும்வரை ஒரு எழுத்துக்குக்கூட அர்த்தம் சொல்லக் கூடாது. இன்னொருவர் தனியாக இதையே செய்வார். இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து.

இதையெல்லாம் விட முக்கியமான விதி ஒன்று உண்டு. பொருளைக் கொண்டுவந்தவரிடம் கதை கேட்கக் கூடாது. யாராவது "இது என் தாத்தாவோடது" என்று ஆரம்பித்தால் சாப் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். "கஹானி பாத் மே" என்பார். கதை அப்புறம் என்று அர்த்தம்.

எனக்கு அது திமிராகத் தெரிந்தது. கரோல் பாக் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்த பிறகுதான் புரிந்தது. வாசலிலேயே என்னை மடக்கி, தன்னிடமிருக்கும் சின்னம் ஒரு ஜப்பானிய ஜெனரலின் தொப்பியிலிருந்து கழன்றது என்று அரைமணி நேரம் சொன்னார். ஜெனரல் சரணடைந்த இடம், அவர் மீசை, அவர் குதிரையின் நிறம் உட்பட. நான் அந்தச் சின்னத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதில் ராணுவம் தெரிந்தது, குதிரைகூடத் தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். "படைத் தளபதி" என்று எழுதிக் கொடுத்தேன். சாப் அதை எனக்கு மெதுவாகப் படித்துக் காட்டினார். அது ஏதோ ஒரு கிராமத்தின் தீயணைப்புக் குழுவின் சின்னம். படை என்ற எழுத்து இருந்தது உண்மைதான், அது தண்ணீர் வாளி தூக்கிய படை.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் நான் யாரிடமும் கதை கேட்கவில்லை. சாப் ஓய்வு பெற்று, அந்த நாற்காலிக்கு நான் வந்து, எனக்கும் ஓய்வு பெற நாலைந்து வருடம் மிச்சமிருந்தபோது கதிரேசன் வந்தார்.

கதிரேசன் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் பைண்டராக இருந்தவர். எங்கள் அகராதிகள் எல்லாம் அவர் கை பட்டவை. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது, ஒரு இருதய அறுவை சிகிச்சையும் ஆகியிருந்தது. படியேறி வந்து மூச்சு வாங்க நின்றார்.

"வசந்தாம்மா, எங்கம்மாகிட்ட ஒரு சப்பான் மெடல் இருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லணும். அப்பா உசுரோட இருக்காரா இல்லையான்னு அதுலதான் தெரியணும்" என்றார்.

நான் உள்ளங்கையைத் தூக்கவில்லை. தமிழில் கேட்டார், அதுதான் காரணம். வேறு என்ன சொல்ல? அந்தக் கட்டடத்தில் நாளெல்லாம் இந்தியும் ஆங்கிலமுமாகக் கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு அவர் பேச்சு இதமாக இருந்தது. உட்காருங்கள், சொல்லுங்கள் என்றேன்.

அவருடைய அப்பா மலாயாவில் ரப்பர் தோட்டத் தொழிலாளி. போர்க்காலத்தில் ஜப்பானியர் ரயில் பாதை போட ஆட்களைக் கொண்டுபோனபோது அவரும் போனார், திரும்பவில்லை. கதிரேசன் அப்போது வயிற்றில் இருந்த பிள்ளை.

"எனக்கு அறுபது தாண்டிருச்சு. எங்கப்பாவுக்கு ஒரு தடவைகூட எள்ளும் தண்ணியும் இறைச்சதில்லை. அமாவாசைக்கு யமுனைக்குக் கிளம்பினா அம்மா வாசல்ல வந்து நின்னுக்கும். உசுரோட இருக்கறவருக்கு எப்படிடா திதி குடுப்பேன்னு கத்தும். இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு நான் இன்னும் எத்தனை நாளோ. ஒரு வார்த்தை தெரிஞ்சாப் போதும், செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டுப் போயிருவேன்" என்றார்.

அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துவர முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கே வாருங்கள் என்றேன். பொருளை அலுவலக மேசையில்தான் பார்க்க வேண்டும் என்ற சாப்பின் இன்னொரு விதியையும் அத்தோடு விட்டேன்.

அவர் அம்மா மாரியாயிக்கு எண்பது வயதிருக்கும். ஆட்டோவிலிருந்து இறங்கியபோது எங்கள் குடியிருப்பே திரும்பிப் பார்த்தது. மஞ்சள் பூசிய முகம், பழைய ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமம், நரைத்த கொண்டையைச் சுற்றி மல்லிகை. தாலிக் கயிற்றில் தாலிக்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்று ஒரு கட்டி தொங்கியது. அதுதான் மெடல். வெள்ளிக்கிழமை தவறாமல் தாலிக்கு வைக்கும்போது அதற்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்து, அறுபது வருடத்தில் அது கெட்டிப்பட்டுப் போயிருந்தது.

காபி கொடுத்தேன். கிழவி டம்ளரைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"மூணு மாச வேலைன்னு லாரியில ஏத்திட்டுப் போனாங்க தாயி. அப்புறம் ஒருநாள் ஒரு சப்பான் தொரை எங்க லயத்து வீட்டுக்கே வந்தாரு, தோட்டத்துக் கங்காணியைக் கூட்டிக்கிட்டு. எம் பேரைச் சொல்லிக் கேட்டாரு. இதை ரெண்டு கையாலயும் ஏந்தி எங்கிட்ட குடுத்தாரு. குடுத்துட்டு இடுப்பு வரைக்கும் குனிஞ்சாரு. கூலிக்காரி முன்னால ஒரு தொரை குனிவானா, நீயே சொல்லு? கங்காணிதான் வெவரம் சொன்னாரு. உம் புருஷனைப் பட்டாளத்துல சேத்துக்கிட்டாங்க, பெரிய உத்தியோகம், அதான் தொரையே உன்னைக் கும்பிடறாரு, சண்டை முடிஞ்சதும் வருவான்னு."

"கங்காணிக்குச் சப்பான் பேச்சு தெரியுமாம்மா?"

"ரெண்டு வார்த்தை தெரியும். வா, போ."

சண்டை முடிந்தது, அவர் வரவில்லை. பெரிய உத்தியோகமாயிற்றே, ஜப்பானுக்கே கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று மாரியாயி முடிவு செய்தாள். கைக்குழந்தையோடு கப்பலேறி ஊர் வந்தாள். தாலியை இறக்கு என்று சொன்ன கொழுந்தனை விளக்குமாற்றால் அடித்தாள். பிறகு மகனுக்கு வேலை கிடைத்து தில்லி.

கதை முடிந்ததும் நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூசுகிறது. வெள்ளைத் தாள் இல்லை, எடை இல்லை, பென்சில் இல்லை. லென்ஸை எடுத்துக்கொண்டு அவள் கழுத்தருகே குனிந்து அந்தக் கட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஓரத்தில் மட்டும் குங்குமம் உதிர்ந்து இரண்டு எழுத்து தெரிந்தது. படைவீரர் என்று இருந்தது.

"படைவீரர்னு போட்டிருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கிழவி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கேட்டியாடா? கேட்டியா? படிச்ச பொண்ணு சொல்றா" என்று மகனைப் பார்த்துக் கத்தினாள். கதிரேசன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மிச்ச எழுத்தையும் படிக்க வேண்டும், ஒரு வாரம் கொடுங்கள் என்று நான் கேட்டபோது, மறுபேச்சில்லாமல் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். அதை வேறொருவர் கையில் கொடுப்பது அறுபது வருடத்தில் முதல் தடவையாம்.

மறுநாள் அலுவலகத்தில் ஒழுங்காக உட்கார்ந்தேன். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தேன். தட்டில் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. முன்பக்கத்தில் வெள்ளியில் ஒரு செர்ரிப் பூ வெளியே வந்தது. அதன் காம்புப் பக்கம் ஊதா நிறத்தில் நைந்துபோன இரண்டு இழை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. ஊதாக் கயிற்று முடிச்சு, நடுவில் வெள்ளிப் பூ. அது என்ன என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்தைப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கத்தைச் சுத்தம் செய்தேன்.

படைவீரர் என்பதற்கு அடுத்த எழுத்துக்கள், இறந்தவர் விட்டுச்சென்ற குடும்பம். அதற்கடுத்து, சின்னம்.

போரில் மாண்ட வீரரின் வீட்டாருக்கு ஜப்பானில் கொடுத்த சின்னம் அது. மனைவியோ தாயோ தகப்பனோ நெஞ்சில் குத்திக்கொள்வார்கள். இந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிவதற்காக. புருஷன் உயிரோடு இருக்கிறான் என்பதற்குச் சாட்சியாக இந்தப் பெண் அதைத் தாலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அதன் மேல் குங்குமம் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அந்தச் சிவப்புத் தண்ணீர் தட்டிலேயே இருந்தது. அதைக் கொட்ட எனக்குத் தைரியம் வரவில்லை, பியூனிடம் கொடுத்தேன்.

விதிப்படி இன்னொருவரைத் தனியாகப் படிக்கச் சொன்னேன். அவரும் அதையே எழுதினார். இரண்டு பேருமே தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்று அன்று முழுவதும் ஆசைப்பட்டேன்.

கதிரேசனை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கவில்லை, பயந்துபோயிருந்தார்.

"வசந்தாம்மா, இது எனக்குத் தெரிஞ்சதே போதும். நான் கமுக்கமா யமுனைக்குப் போய்ச் செஞ்சுக்கறேன். அம்மாகிட்ட பெரிய உத்தியோகம்னே சொல்லிருங்க. நீங்கதானே படைவீரர்னு சொன்னீங்க? அப்படியே இருக்கட்டும்."

நீங்கதானே சொன்னீங்க என்றது என்னைச் சுட்டது. அவர் குத்திக்காட்டவில்லை, கெஞ்சினார். அதனால் இன்னும் அதிகமாகச் சுட்டது.

அன்று மாத்தூர் சாப்புக்கு போன் செய்தேன். எண்பதைத் தாண்டியிருந்தார், காது மந்தம். நான் கதை கேட்டதையும், பாதி எழுத்தில் அர்த்தம் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாலிக் கௌன் ஹை?" பொருளுக்குச் சொந்தக்காரர் யார்?

"அம்மா, சாப்."

"அப்புறம் எனக்கு எதற்கு போன் செய்தாய்?" என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அம்மாவிடம் உள்ளதைச் சொல்லியாக வேண்டும் என்று கதிரேசனிடம் சொன்னேன். கோபப்பட்டார். "உங்களுக்கென்ன, படிச்சுக் காட்டிட்டுப் போயிருவீங்க" என்றார். நியாயமான கோபம். ஒரு பொய்யை என் வாயாலேயே ஆரம்பித்து வைத்துவிட்டேன், அதை எழுதிக் கையெழுத்தும் போட என்னால் முடியாது என்றேன். கடைசியில், அம்மாவிடம் சொல்லும்போது தானும் கூட இருக்க வேண்டும் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாரியாயி தலைக்குக் குளித்து, பட்டுப் புடவை கட்டி, கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தாள். வெள்ளிப் பூவை அவள் கையில் வைத்தேன்.

"இது என்னுது இல்லையே தாயி. குங்குமம் எங்க?"

"கழுவினேன்மா. அடியில எழுத்து இருந்துச்சு."

எழுதிவைத்திருந்ததை வாசித்தேன். முதலில் எடை, அளவு, உலோகம். அதையெல்லாம் அவள் மரியாதையாகக் கேட்டாள். பிறகு அந்த ஒரு வரி. போரில் இறந்த படைவீரரின் குடும்பத்தாருக்கு உரிய சின்னம். கீழே, பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை.

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் பெயர் இதில் இல்லை, இது ஜப்பானில் யாரோ ஒரு வீட்டுக்குக் கொடுத்தது, அந்தத் துரையிடம் எப்படி வந்தது என்று எழுத்தில் இல்லை என்றும் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அப்போ அந்தத் தொரை எதுக்கு என் முன்னால குனிஞ்சாரு?"

அந்தக் கேள்விக்குப் பதில் எந்த எழுத்திலும் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "துக்கம் சொல்ல வந்தா அங்கே அப்படித்தாம்மா குனிவாங்க" என்றேன்.

கதிரேசன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனார், மாரியாயி அதைத் தள்ளிவிட்டாள்.

"அந்தத் தொரை வந்து சொல்லிட்டுத்தான் போயிருக்கான். தன் வீட்டுச் சாமானைக் கழட்டிக் குடுத்துச் சொல்லியிருக்கான். நான் அவன் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சேன் தாயி. அவன் முன்னாலேயே சிரிச்சேன்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ வாசித்துக் காட்டியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் நான் கூனிக்குறுகிப் போனேன். அந்த அதிகாரி தலை நிமிர்ந்தபோது என்ன பார்த்திருப்பார் என்பதுதான் அன்றும் இன்றும் என்னைத் தூங்கவிடாத விஷயம். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் பூரித்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

மாரியாயி மகன் பக்கம் திரும்பினாள்.

"எள்ளும் தண்ணியும் இறைச்சுக்க. இனிமே நான் வாசல்ல நிக்க மாட்டேன்."

"சரிம்மா. ஐயரு நாள் கேப்பாரு. மகாளய அமாவாசையில பொதுவாக் குடுத்துரட்டுமா?"

"எதுக்குப் பொதுவா? செத்த நாள் யாருக்குத் தெரியும், சேதி வந்த நாள்தான் நமக்கு. பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் வந்தான் அந்தத் தொரை. அன்னிக்கே குடு."

கதிரேசன் கையிலிருந்த செம்பைத் தரையில் வைத்தார். என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அன்னிக்கு என் பொறந்தநாள்மா. வருஷா வருஷம் பாயசம் வெச்சு, புதுச் சட்டை எடுத்துக் குடுப்பியே."

"நீ பொறந்தது கார்த்திகையில, அடைமழையில. தேதி யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்துல உன்னைச் சேக்கறப்போ வாத்தியாரு பொறந்தநாள் கேட்டாரு. என் ஆயுசுல எனக்குத் தெரிஞ்ச நல்ல நாள் அது ஒண்ணுதான். அதைச் சொல்லிட்டேன்" என்றாள் மாரியாயி.